சாட்சியில் விட்டுப்போன வார்த்தை

ஞாயிற்றுக்கிழமை காலை. குளியலறையில் பிரான்சிஸ் பாடிக்கொண்டே தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. செவ்வந்தி அடுப்பைத் தணித்துவிட்டு, மேல் அலமாரியிலிருந்து கொள்ளு டப்பாவை இறக்கினாள். உள்ளே கையை விட்டுத் துழாவியதும் மாத்திரை அட்டை விரலில் தட்டுப்பட்டது. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். டப்பாவை மறுபடி ஏற்றிவைத்த பிறகுதான் மூச்சு சீரானது.

புருஷனுக்குத் தெரியாமல் தின்கிற மாத்திரை அல்ல அது. கொள்ளு டப்பா யோசனையே அவனுடையதுதான். சபையிலிருந்து யாராவது எந்நேரமும் வீட்டுக்கு வருவார்கள். வலிப்பு நோயிலிருந்து கர்த்தர் பூரணமாக விடுவித்த சகோதரி என்று நாலு ஊரில் பெயர் வாங்கியவள் வீட்டில், பிரிட்ஜுக்கு மேலே வலிப்பு மாத்திரை கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மாத்திரை தீர்ந்தால்கூட சூலூர் மருந்துக்கடைப் பக்கம் அவள் போவதில்லை. கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் பெரியாஸ்பத்திரியில் வாங்கி, கைப்பையின் அடியில் வைத்துக் கொண்டுவருவாள்.

இத்தனைக்கும் செவ்வந்தி பொய் சொல்லத் தெரியாதவள். அவள் வேலை செய்யும் தறிக் கொட்டகையில் அது எல்லாருக்கும் தெரியும். தன் தறியில் ஒரு இழை அறுந்து துணியில் பழுது விழுந்தால், அவளே சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிவிடுவாள். கூலியில் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் காட்டுவாள். பக்கத்துத் தறியில் நிற்கும் சின்னத்தாயி, "நீயே கோடு போட்டுக் குடுத்துப்போட்டா ஓனருக்குக் கண்ணு எதுக்குங்கறேன்" என்று கிண்டல் செய்வாள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறதே என்பது செவ்வந்தியின் பதில். வாசித்த வசனத்தைச் செய்து பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. பகைவன் பசித்திருந்தால் சோறு போடு என்று வாசித்த வாரத்தில், குழாயடியில் தன்னை வாய்க்கு வந்தபடி ஏசியவள் காய்ச்சலில் படுத்திருக்கக் கண்டு, கஞ்சி காய்ச்சி எடுத்துப்போனாள். ஊர் மெச்சுவதற்காக அல்ல. அவளுக்கு அப்படித்தான் இருக்கத் தெரியும்.

அப்படிப்பட்டவள் எப்படி இதில் மாட்டினாள்?

மகள் பிறந்த பிறகு வந்த வலிப்பு அது. அடுப்படியில் விழுந்தாள், பஸ் ஸ்டாப்பில் விழுந்தாள், கடைசியில் ஓடுகிற தறிக்குப் பக்கத்திலேயே விழுந்தாள். அன்றைக்குச் சின்னத்தாயி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியிராவிட்டால் ஒரு கை போயிருக்கும். சேதி கேட்டு பாஸ்டர் ஆல்வின் வீட்டுக்கு வந்தார். இளவயதுக்காரர், நல்ல மனுஷன். நெற்றியில் எண்ணெய் பூசி, கண்ணில் தண்ணீர் வர ஜெபித்தார். அதே வாரத்தில் பிரான்சிஸ் அவளைப் பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனான். வலிப்பு நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு வலிப்பு வரவேயில்லை.

செவ்வந்தியின் மனதில் ஜெபத்துக்கும் மாத்திரைக்கும் சண்டையே இருக்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். சபையிலும் அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நின்றாள். அவர்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே அதற்கென்று நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். பாஸ்டர் வந்து ஜெபித்ததைச் சொன்னாள். அன்றிலிருந்து இன்றுவரை வலிப்பு வரவில்லை என்று சொன்னாள். அடுத்த வாக்கியம் மாத்திரையைப் பற்றியது. அதற்குள் சபை முழுக்க அல்லேலூயா என்று எழுந்துவிட்டது. கீபோர்டு முழங்கியது, பெண்கள் அழுதார்கள், பின்வரிசைக்காரர்கள் முன்னால் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்கள். அந்த இரைச்சலில் அவள் வாய் திறந்தபடியே நின்றது. மாத்திரையைப் பற்றிச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுவாரத்துக்குள் அவள் சாட்சி வாட்ஸப்பில் ஊர் ஊராகப் போயிருந்தது. பக்கத்து ஊர்ச் சபைகள் அழைத்தன. தன் ஜெபத்துக்குக் கிடைத்த பலன் என்று பாஸ்டர் சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கவேயில்லை. பிரான்சிஸ்தான் சுலபமாக ஒரு வழி சொன்னான்.

"நீ சாப்புடறது கர்த்தருக்குத் தெரியும். சபைக்கு எதுக்குத் தெரியோணும்?"

அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். விட்ட வாக்கியம் ஒவ்வொரு மேடையிலும் அவளைவிட்டு இன்னும் கொஞ்சம் தூரம் போனது.

கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்பில் பந்தல் போட்டு நடந்த கூட்டத்தில்தான் அது அவளை நேருக்கு நேர் மறித்தது. சாட்சி சொல்லி இறங்கியவளிடம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் பாவாத்தாள், ஞானஸ்நானம் எடுத்து அதிக நாளாகாதவள், தோப்பில் தேங்காய் பொறுக்கும் கூலிக்காரி, புருஷனை இழந்தவள். மகள் இளவேனில் பொள்ளாச்சியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அவளுக்கும் இதே வலிப்பு. வகுப்பில் விழுந்த நாளிலிருந்து பிள்ளைகள் பக்கத்தில் உட்கார யோசிக்கிறார்கள் என்று தாய் சொன்னாள். மகள் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நீங்க மாத்திரைய நிறுத்திட்டீங்களாங்க?"

இல்லை என்று ஒரு சொல் போதும். பாஸ்டர் பக்கத்தில் நின்றார். சுற்றிலும் இருபது முப்பது பேர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தாள்.

"கர்த்தர நம்பு கண்ணு. அவரு கைவிட மாட்டாரு."

இளவேனில் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எத்தனை நம்பிக்கை இருந்தது என்று வீடு திரும்பும் வழியெல்லாம் செவ்வந்திக்கு உறுத்திக்கொண்டே வந்தது. அப்புறம் தறி, வீடு, அடுத்த கூட்டம் என்று நாள் ஓடிவிட்டது.

இன்று காலையும் ஆராதனைக்குப் போய்வந்து, மத்தியானச் சோறு உண்டு, பிரான்சிஸ் கட்டிலில் சாய்ந்திருந்தான். மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். வரும் சனிக்கிழமை சத்தியமங்கலத்தில் பெரிய கூட்டம். நோட்டீஸில் செவ்வந்தியின் பெயரும் போட்டிருந்தது. அவள் அதற்கான சேலையை எடுத்து மடிப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க, சாட்சி சொல்ற அம்மிணி ஊடு இதுங்களா?"

பாவாத்தாள்தான். ஒரு பையில் தேங்காய்களைச் சுமந்துகொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து ஏறிவந்தாள். அந்தக் காலில் பழைய துணி சுற்றியிருந்தது. இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வந்ததாகச் சொன்னாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, இளவேனில் எப்படி இருக்கிறாள் என்று செவ்வந்தி கேட்டாள்.

"அவ தவறிப்போயிட்டாளுங்க."

பிரான்சிஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

பாவாத்தாள் அழவில்லை. அழுது முடித்தவளின் வறண்ட குரலில் சொல்லிக்கொண்டே போனாள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன அன்றே பெண் மாத்திரையை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாள் ஒன்றும் வரவில்லை. தாயும் மகளும் ஸ்தோத்திரம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். ஒரு சாயங்காலம் தோப்பில் மோட்டார் நிறுத்தப் போனவள் திரும்பவில்லை. தேடிப் போனபோது தண்ணீர்த் தொட்டியில் குப்புறக் கிடந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர். நின்றால் இடுப்புகூட நனையாத தண்ணீரில் பிள்ளை மூச்சு முட்டிச் செத்திருந்தாள்.

"சொந்தக்காரங்க, சாமிய மாத்துனதுக்குக் கூலின்னாங்க. சபையில, விசுவாசம் பத்தலைன்னாங்க." பாவாத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்க அம்மிணி, ஒன்னே ஒன்னு கேட்டுப்போட்டுப் போயிடறனுங்க. உங்களுக்கு எறங்குன சாமி என்ற புள்ளைக்கு ஏனுங்க எறங்கல? நீங்க எப்படிங்க ஜெபம் பண்ணுனீங்க? எத்தன நாள் பட்டினி கெடந்தீங்க? அதச் சொல்லுங்க. நானாச்சும் சரியாப் பண்ணிக்கறேன்."

நானாச்சும் என்றது செவ்வந்திக்குப் புரியவில்லை. பாவாத்தாள் காலில் சுற்றிய துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். வாடை குப்பென்று எழுந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"எனக்குச் சக்கரைங்க. மாத்திரை, ஊசி எல்லாத்தையும் உட்டுப்போட்டேன். புள்ள வெச்ச கொறைய நான்தான தீக்கோணும்? இந்தப் புண்ணு ஆறிருச்சுன்னா, நானும் உங்களாட்ட மேடையேறிச் சொல்லுவனுங்க."

பிரான்சிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாம் கர்த்தருடைய சித்தம், ஜெபித்துக்கொள்ளலாம் என்று பொதுவாக ஏதோ சொன்னான். சொல்லிக்கொண்டே மனைவிக்குக் கண்ணால் ஜாடை காட்டி அடுப்படிக்கு அழைத்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. அது போதும். நம்ம கதை வேண்டாம்" என்றான் குரலைத் தாழ்த்தி.

"நான் முழுங்கறத மறச்சுக்கிட்டு அவங்கள முழுங்குன்னா கேப்பாங்களா?"

"சொல்லிப்போட்டா செத்த புள்ள வந்துருமா? சபையில நாம தலைகாட்ட முடியாது. பாஸ்டர் பேரு கெடும். கர்த்தர் பேரே கெட்டுப்போகும்."

செவ்வந்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"கர்த்தர் பேரு நம்ம பொய்யிலயா நிக்குது?"

பிரான்சிஸ் கெட்டவன் இல்லை. பட்டறையில் லேத் ஓட்டிச் சம்பாதித்ததை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருகிறவன். நாலு பேர் நடுவில் மனைவிக்குக் கிடைத்த மரியாதை போய்விடுமே என்ற பயம் ஒன்றுதான் அவனுக்கு. அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. கிணத்துக்கடவுப் பந்தலில் அவள் வாயைக் கட்டியதும் அதே பயம்தான். அந்தப் பயத்துக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாகிவிட்டது. இப்போது தாயையும் கேட்கிறது.

அவள் கொள்ளு டப்பாவை இறக்கி, மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். பாவாத்தாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"நான் ஒரு நாளும் நிறுத்துனதில்லீங்க. காலையிலகூட முழுங்கினேன்."

பாவாத்தாளுக்கு முதலில் விளங்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாதவள் அவள். ஆனால் நிறம் தெரியும்.

"இதேதானுங்க. என்ற புள்ளையும் இதத்தான் முழுங்கிட்டிருந்தா." அட்டையை மடியில் வைத்தாள். "அன்னைக்கு அவ உங்களக் கேட்டாளே."

"கேட்டா. நான் சொல்லல. கூட்டத்துக்கு முன்னால சொல்ல வெக்கப்பட்டுப்போட்டேன்."

பாவாத்தாள் கையை ஓங்கவில்லை, சாபம் விடவில்லை. கொண்டுவந்த தேங்காய்களைக் கொடுப்பதற்காகப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்திருந்தாள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பையில் போட்டாள். கடைசித் தேங்காயைப் போட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அப்ப என்ற புள்ளைக்கு விசுவாசம் கொறையலீங்க. உங்களுக்குத்தான் ஒரு வார்த்தை கொறஞ்சுபோச்சு."

எழுந்தவளுக்கு நடை வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். தாங்கப் போன செவ்வந்தியின் கையைத் தட்டிவிட்டாள். செவ்வந்தி வாசல்படியில் வழிமறித்து நின்றாள். என்னை அடியுங்கள், காறித் துப்புங்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், நிறுத்திய சர்க்கரை மாத்திரையை நீங்களாவது மறுபடி தொடருங்கள் என்று கெஞ்சினாள். அதற்குள் பிரான்சிஸ் செருப்புக்கூடப் போடாமல் ஓடி ஆட்டோவோடு வந்து நின்றான். அவன் முகத்தில் இப்போது வேறு பயம் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் பாவாத்தாளின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலே போயிருக்கும், அதற்கு மேலும் தாமதித்திருந்தால் ஆளே போயிருப்பாள் என்று டாக்டர் சொன்னார்.

செவ்வந்தி பாஸ்டரைப் போய்ப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆல்வின் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, சத்தியமங்கலம் கூட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், இது உங்களோடும் பிரான்சிஸோடும் என்னோடும் இருக்கட்டும் என்றார். அவரும் மனுஷன்தானே. இன்னொரு பொய்யை என் வாயால் கேட்காதீர்கள் பாஸ்டர் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்தாள். சத்தியமங்கலத்துக்கு அவள் போகவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தன் சபையிலேயே சாட்சி நேரத்தில் எழுந்து நின்றாள்.

ஜெபித்ததைச் சொன்னாள். மாத்திரை சாப்பிட்டதைச் சொன்னாள். இன்றும் சாப்பிடுவதைச் சொன்னாள். இளவேனில் கேட்ட கேள்வியையும், தான் சொல்லாமல் விட்ட பதிலையும், தண்ணீர்த் தொட்டியையும் சொன்னாள். கீபோர்டுக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. நடுவரிசையில் ஒருத்தி, பிசாசு பேசுகிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். செவ்வந்தி நிறுத்தவில்லை.

"பிணியாளிக்குத்தான் வைத்தியர் வேணும்னு கர்த்தரே சொல்லியிருக்காருங்க. சுவிசேஷம் எழுதுன லூக்காவே வைத்தியருதான். மாத்திரை முழுங்கறது அவிசுவாசம் இல்லீங்க. முழுங்கிப்போட்டு மறைக்கறதுதான் பாவம். யாராச்சும் என்ற சாட்சியக் கேட்டு மருந்த நிறுத்தியிருந்தீங்கன்னா, இன்னைக்கே போயி டாக்டரப் பாருங்க."

அவள் உட்கார்ந்தாள். பாஸ்டர் எழுந்தார். பிரசங்கத்துக்கு வைத்திருந்த குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நான் கேட்டிருக்கோணும்" என்றார். "கேட்டா என்ன பதில் வருமோன்னுதான் கேக்காம இருந்தேன்."

அன்று பிரசங்கம் நடக்கவில்லை. வெளியே வந்தபோது ஒரு பெரியவர் செவ்வந்தியைத் தனியாக அழைத்தார். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொல்லி, எந்த டாக்டரிடம் போனால் திட்டாமல் பார்ப்பார் என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாவாத்தாள் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். செவ்வந்தியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

"சபையில சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிப்போட்டனுங்க. முழுசா."

பாவாத்தாள் தலையசைத்தாள். செவ்வந்தி கொண்டுவந்த கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். மன்னிப்புக் கேட்க எத்தனை முறை வாயெடுத்தாலும், அந்தச் சொல் அங்கே போதாது என்று தெரிந்தது. பாவாத்தாள்தான் பேசினாள்.

"இனி என்னைப் பாக்க வராதீங்க அம்மிணி. உங்க மூஞ்சியப் பாத்தா, அன்னைக்கு என்ற புள்ள சிரிச்சதுதான் முன்னால வந்து நிக்குது. கோவம் தீந்தா நானே சொல்லியுடறேன். தீருமான்னு தெரியலீங்க."

செவ்வந்தி திரும்பி நடந்தாள். வார்டின் கதவருகே போனபோது பாவாத்தாளின் குரல் அவளை நிறுத்தியது.

"ஆனா சாட்சி சொல்றத உட்டுப்போடாதீங்க. போற ஊர்ல எல்லாம் சொல்லுங்க. ஜெபமும் பண்ணுனேன், மாத்திரையும் முழுங்குனேன்னு ரெண்டையும் சேத்திச் சொல்லுங்க. பாதி உண்மையச் சொல்லி நாம சாமிக்குப் பேரு வாங்கித் தர வேண்டாமுங்க. அந்தப் பாதிய நம்பித்தான் என்ற புள்ள செத்தா."